நான் விரிசல் விடவைத்த சக்கரம்: ஒரு பழைய ஆயில் எஞ்சினோடு 18 மாதம்

பள்ளத்தூர், கணித ஆசிரியர்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பர்மா தேக்குக் கதவுக்கு அங்கே விலை உண்டு. எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, சட்டம் போட்ட சாமி படம் என எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஒரு வீட்டை இடித்தால் நிலையும் தூணும் ஜன்னலும் தனித்தனியாக அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். அதே வீட்டாரின் தோப்பில் காலமெல்லாம் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின் மட்டும் வராது. அது நேரே பழைய இரும்புக் கடைக்குப் போகும். சம்மட்டியால் உடைத்து, எடை போட்டு, லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

என் தாத்தா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். அந்த எஞ்சினை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குள் ஆலை மின்சாரத்துக்கு மாறிவிட்டது. எஞ்சினை விற்றதைப் பற்றிப் பேசும்போது தாத்தா ‘விற்றார்கள்’ என்று சொல்லமாட்டார். ‘உடைத்தார்கள்’ என்றுதான் சொல்வார்.

அதனால்தான், கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு தோப்பில், கிணற்றடிக் கொட்டகையில், தென்னை மட்டைகளுக்கு அடியில் இரண்டு சக்கரங்கள் தெரிந்தபோது என்னால் சும்மா திரும்பி வர முடியவில்லை. அந்த வீட்டு ஆச்சியின் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன இடம் அது. ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். “அப்பச்சி வாங்கிப் போட்டது. மோட்டார் வந்தபிறகு யாரும் தொடவில்லை. நாளைக் காலையில் இரும்புக் கடைக்காரர் வருகிறார், வாத்தியார்” என்றார். கடைக்காரர் சொன்ன விலையை நானே தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: எஞ்சின் ஓடும் நாளில் தன்னைக் கூப்பிட வேண்டும்.

ஈரத்துணியால் துடைத்ததும் பித்தளைத் தகட்டில் எழுத்து தெரிந்தது. லிஸ்டர், டர்ஸ்லி, இங்கிலாந்து. அதற்குக் கீழே 5/1 என்றும் 600 என்றும் வெட்டியிருந்தார்கள். ஐந்து குதிரைத்திறன், ஒரு சிலிண்டர், நிமிடத்துக்கு 600 சுற்று. டர்ஸ்லி என்பது குளோஸ்டர்ஷயரில் ஒரு சிற்றூர். லிஸ்டர் கம்பெனி இந்த வகை டீசல் எஞ்சினை 1929-இல் கொண்டுவந்தது. ஐந்து குதிரைத்திறன் அளவு 1930-இல் வந்தது. 1987 வரை அதே ஊரில் இந்த வகையைச் செய்தார்கள். சி.எஸ்., அதாவது ‘கோல்ட் ஸ்டார்ட்’ என்று இதற்குப் பெயர். குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும் என்பது அதன் பொருள். தாத்தா ஓட்டியது இதற்கு முந்தைய வகை. அதில் விடியற்காலையில் முதல் வேலையே ஊதுவிளக்கை ஏற்றி எஞ்சினின் தலையைக் காய்ச்சுவதுதான். இதற்கு விளக்கு வேண்டாம், கை வலு போதும். கிணற்றடியில் தனியாக நிற்கும் ஒரு விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

தகட்டைப் பார்த்ததும் என் அம்மா புளியை எடுத்து வந்துவிட்டார். குத்துவிளக்குப் போல் பளபளக்க வைக்கலாம் என்று அவருக்கு ஆசை. அதை மட்டும் தடுத்துவிட்டேன். எழுத்துக்குப் பின்னால் பூசிய பழைய கறுப்புச் சாயம் புளியோடு போய்விடும். இந்த வேலையில் நான் முதலிலேயே சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மற்றது எல்லாம் தவறு. 300 கிலோவுக்கு மேல் கனக்கும் எஞ்சினை முக்காலி நட்டு, செயின் பிளாக்கில் தூக்கி, மினி லாரியில் கொண்டுவந்து இறக்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கெடுத்துவிட்டேன். சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் துருவேறி சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நெம்பினால் விட்டுக்கொடுக்கும் என்று கடப்பாரையைச் சக்கரத்தின் ஆரக்காலுக்குள் விட்டு, முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிஸ்டன் விட்டுவிட்டது என்று மகிழ்ந்தேன். சக்கரம் அப்போதும் அசையவில்லை.

மறுவாரம் கோட்டையூரிலிருந்து ஒரு பழைய பிட்டர் ஐயாவை அழைத்து வந்தேன். ஆலைகளில் ஐம்பது ஆண்டு வேலை பார்த்தவர். வந்ததும் எஞ்சினைத் தொடவில்லை. சுற்றி வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பிறகு சிறு சுத்தியலால் ஆரக்கால்களை ஒவ்வொன்றாக, குழந்தையைத் தட்டுவது போல் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் வெண்கலம் போல் கணீரென்றன. ஒன்று மட்டும் மண்சட்டி போல் தொப்பென்றது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியின் மேல் ஈரக் கோடு ஒன்று, தலைமயிர் அளவுக்கு, மெல்ல எழுந்து வந்தது. தினமும் கையில் வைத்திருக்கும் சாக்பீஸ் என் தவற்றை எனக்கே எழுதிக் காட்டியது.

வெல்டிங் வைத்துவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி. வார்ப்பிரும்பு. ஓடும்போது விட்டால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது” என்றார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் குறுக்களவு 60 செ.மீ.; நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விளிம்பு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பஸ் வேகத்தில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. அதற்குப் பிறகு வெல்டிங் பேச்சை நான் எடுக்கவில்லை.

பிஸ்டனை விடுவித்தது ஐயாவின் பொறுமைதான். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டனின் மேல் ஊற்றச் சொன்னார். “தினமும் ஈர்க்குச்சியால் அளந்து பார். குறைந்தால் மறுபடி ஊற்று. கை வைக்காதே” என்றார். ஏழு வாரம். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் கொட்டகைக்குப் போய்த் தென்னை ஈர்க்கை விட்டு எடுப்பேன். முதல் இரண்டு வாரம் அளவு அப்படியே நின்றது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நகக்கண் அளவுக்கு இறங்கியிருந்தது. எண்ணெய், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்று வகுப்பில் என் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகளே என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

எட்டாம் வாரம், 114 மில்லிமீட்டர் சிலிண்டருக்குள் தளர்வாக நுழையும்படி வாகை மரத்தில் ஒரு கட்டை கடைந்து வாங்கி, அதன் மேல் மரச்சுத்தியலால் தட்டினோம். இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. என் பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது, அதனால் தட்டினோம். அது மேல்முனையில் நின்றிருந்தால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் தண்டின் கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். எவ்வளவு அடித்தாலும் அடி முழுவதும் பேரிங்கில்தான் இறங்கும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சுத்தியலைத் தூக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு அரை நூல் இறங்கியது. ஐயா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “இன்றைக்குப் போதும்” என்றார். மறுநாள் மாலை முழுதாக இறங்கியது.

சக்கரத்தைக் கழற்றுவதும் பெரும்பாடுதான். தண்டில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் தலையுள்ள ஆப்புச் சாவி வெளியே வர மூன்று மாலை ஆயிற்று. மாற்றுச் சக்கரம் ஜோடியாகக் கிடைத்தது. ராஜ்கோட்டில் இதே அச்சில் செய்த எஞ்சின் ஒன்று புதுவயலில் உடைபடக் காத்திருந்தது, அதிலிருந்து வாங்கினேன். இந்த வகையைத் தேர்ந்தெடுக்கும் புதியவர்களுக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்: குஜராத்தில் இதன் நகல்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதால் ரிங், டீசலைப் பீய்ச்சும் நாசில், காஸ்கெட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. ஆனாலும் டர்ஸ்லியில் வார்த்த சக்கரம் டர்ஸ்லியில் வார்த்ததுதான். அதை நான்தான் கெடுத்தேன்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. இரும்பு அரிக்கப்படுவதை ஆராய்வது அங்கே முக்கியமான வேலை. அங்கிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். நான் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, “தேய்த்தால் துருவோடு இரும்பும் போகும், மின்சாரத்தில் விடுங்கள்” என்றார். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் கைப்பிடிக் கணக்கில் சலவைச் சோடா, 12 வோல்ட் பாட்டரி சார்ஜர். துருப்பிடித்த உறுப்புக்கு எதிர்முனை, பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. ஓர் இரவு விட்டால் துரு கறுப்புச் சேறாகிக் கையோடு வழிந்துவிடுகிறது. அவர் கண்டிப்பாகச் சொன்னவை மூன்று. எவர்சில்வர் தகட்டை நேர்முனையில் தொங்கவிடக் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். அறைக்குள் செய்யக் கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வால்வு ஸ்பிரிங்கை அதில் போடக் கூடாது, அதே ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை முறியவைக்கும்.

இன்னும் எஞ்சினை ஓட்டவில்லை. எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், இரண்டு விரல்கடைக்குக் கறுப்புச் சேறு. உங்களில் யாராவது இப்படி ஓர் எஞ்சினோடு மல்லுக்கட்டியிருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை, தையல் கடை நடத்துகிறவர்

உங்களுடையது டீசல், என்னுடையது பெட்ரோல். அதே லிஸ்டர்தான், டி வகை. 1926-இல் வந்த சிறிய எஞ்சின். ஒன்றரைக் குதிரைத்திறன், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி. என் அப்பா திருவிழாக் காலத்தில் இதைக் கொண்டு டைனமோ சுற்றி விளக்குப் போட்டவர். அவர் போனபிறகு அண்ணன் இதை எடைக்குப் போடச் சொன்னார். நான் தையல் கடையின் பின்பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த தொல்லை எல்லாம் பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவில்தான். எஞ்சின் சுற்றியது, பெட்ரோல் வந்தது, பொறி வரவில்லை. ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கூட வந்த என் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். தம்பிக்கு மேக்னெட்டோ எது, கார்புரேட்டர் எது என்றே தெரியாது. பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நானே பிரித்தேன். தையல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டிய கைக்கு இது புதிதல்ல. சிறிய திருகு, மெல்லிய ஸ்பிரிங், எது எங்கிருந்து வந்தது என்ற வரிசை, எல்லாம் ஒன்றுதான். கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் ஊசி குத்திவைத்தேன்.

ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. லாடம் போல் வளைந்த காந்தத்துக்கு நடுவிலிருந்து சுருளை உருவும் முன் காந்தத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஓர் இரும்புத் துண்டை வைக்க வேண்டும். வைக்காமல் உருவினால் பழைய காந்தத்தின் வலு இறங்கிவிடும். நான் வைக்கவில்லை. மீண்டும் காந்தமேற்றிக் கொண்டுவர மதுரை வரை போக வேண்டியதாயிற்று. கன்டென்சரும் செத்திருந்தது, புதியது போட்டபிறகு பொறி நீலமாக, ‘சட்’ என்ற சத்தத்தோடு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா நினைவு வந்து அழுதுவிட்டேன்.

பெட்ரோல் தொட்டிக்குள் இருந்த துருவுக்கு ஒரு கைப்பிடி சிறு நட்டுகளைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய சேலையில் கட்டி ஒரு மணி நேரம் குலுக்கினேன். நன்றாக வந்துவிட்டது. இன்னொன்று, பெண்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு. சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆப்புச் சாவியின் தலை ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. முந்தானையையோ துப்பட்டாவையோ அது பிடித்தால் விடாது. நான் பழைய சட்டையும் பேண்டும் போட்டு, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் எஞ்சினை ஓட்டுகிறேன். வேட்டியும் தோளில் துண்டுமாக நிற்கிற ஆண்களுக்கும் இதே பேச்சுதான். சாவிக்கு மேல் ஒரு தகர மூடி அடித்துவிடுங்கள்.

புதுவயல், அரிசி ஆலைக் குடும்பம்

ஆசிரியர் ஓட்டிப் பார்க்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் மின்தடைக்காக ஒரு பழைய டீசல் எஞ்சினை வைத்திருந்தோம். நெடுநாள் கிடந்ததை நானும் சித்தப்பாவும் சுத்தம் செய்து ஓட்டினோம். சம்ப்பில் எண்ணெய் குறைவாக இருக்கக் கூடாது என்ற பயத்தில் குறியைத் தாண்டி ஊற்றிவிட்டேன். எஞ்சின் கிளம்பி இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு அதன் குரல் ஏற ஆரம்பித்தது. டீசலை நிறுத்தினேன். நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. சிதறிய எண்ணெய் தேய்ந்துபோன ரிங்குகளைத் தாண்டி மேலே போய், அதையே எரித்துக்கொண்டு ஓடியது. வேகம் கூடக்கூட இன்னும் எண்ணெய் மேலே போகும், இன்னும் வேகம் கூடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு அதன் மேல் அதிகாரமில்லை, ஏனென்றால் கவர்னர் பிடித்திருப்பது டீசலை மட்டும்தான். கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. தரை அதிர்ந்தது.

சித்தப்பா ஓடிவந்து நனைந்த சாக்கைப் பலகையோடு சேர்த்துக் காற்று உறிஞ்சும் குழாயின் வாயில் அழுத்தினார். நாலைந்து சுற்றில் திணறி நின்றது. அவர் கை வைக்கவில்லை, பலகைதான் வைத்தார். அந்த உறிஞ்சும் வேகத்தில் கையை வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. அவர் நின்ற இடமும் முக்கியம். சக்கரத்துக்கு நேராக நிற்கவில்லை, எஞ்சினின் பக்கவாட்டில், சக்கரம் சிதறினாலும் படாத திசையில் நின்றார்.

எனவே ஆசிரியர் ஐயா, முதல் நாள் ஓட்டும்போது காற்றுக் குழாயின் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அதன் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் பிடிப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் தாத்தா வேலை பார்த்த ஆலை எது என்று கேட்க ஆசையாக இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் காலத்து எஞ்சின் டிரைவர்களின் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காரைக்குடி, லேத் பட்டறை

சுருக்கமாக எழுதுகிறேன், கையில் வேலை இருக்கிறது.

துருவேறிய நட்டைக் குழாய் போட்டு நீட்டித் திருகாதீர்கள். நட்டு ஏறியிருக்கும் ஸ்டட்டு முறிந்தால் அதைத் துளையிட்டு எடுக்க எங்களிடம் வருவீர்கள், பாதி ஸ்டட்டுகளைத்தான் சேதமில்லாமல் எடுக்க முடியும். நட்டை ஊதுகுழலில் சூடாக்குங்கள், சிவக்க வேண்டாம். சூட்டோடு சாதாரண மெழுகுவத்தியைத் திருகின் மேல் தொடுங்கள். மெழுகு உருகி இழைக்குள் தானே இழுத்துக்கொள்ளும். ஆறியபின் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்.

பழைய எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிக் கயிறு போலச் சுற்றியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தண்ணீரில் நன்றாக நனைத்து, மூக்கைக் கட்டி, எடுத்து, பையில் கட்டிவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு மாதம் யோசியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எஞ்சின் ஓடுவதற்கு முன்பே கடைக்குப் போய்ப் பச்சைப் பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள்.

பள்ளத்தூர், கணித ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. பெயின்ட் அடிக்கவில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்கிறேன்.

கிரீசும் புழுதியுமாகக் கிடந்த சிலிண்டரின் முன்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தபோது, கிரீசுக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். குங்குமம். அதற்கு அடியில் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு ஒரே இடத்தில் வைத்து வைத்து, கிரீசு படிந்து, அதன் மேல் அடுத்த ஆண்டு வைத்து, மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காக நின்றது. விரலால் தொட்டால் சிறிது மேடாகவே இருந்தது. அந்த உள்ளங்கை அளவு இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதற்குப் பெயின்ட் அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஆங்காங்கே மிஞ்சியிருக்கும் பழைய பச்சையும் வெறும் இரும்புமாக, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருக்கிறேன்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரறையிலிருந்து இரண்டு சிரட்டை உப்புச் செதில் எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரையே நேரே எஞ்சினுக்குள் விட்டு ஓட்டியதன் பலன். இப்போது 200 லிட்டர் டிரம் ஒன்றை எஞ்சினைவிடச் சற்று உயரத்தில் நிறுத்தியிருக்கிறேன். சூடான நீர் தானே மேலேறி டிரம்முக்குப் போக, குளிர்ந்த நீர் அடிவழியாக எஞ்சினுக்கு வரும், பம்ப்பு வேண்டாம். டிரம்மில் ஊற்றியது ஆச்சி வீட்டு வளவு முற்றத்தில் விழுந்து அண்டாவில் பிடித்த மழைநீர். அவரே சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

போன ஞாயிறு ஓட்டினோம். பிட்டர் ஐயா, பலகையோடு என் மைத்துனன், நாற்காலியில் ஆச்சி. வேட்டியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டேன், சாவிகளுக்குத் தகர மூடியும் அடித்தாயிற்று. சம்ப்பில் எண்ணெய் குறிக்குச் சரியாக, சொட்டு கூட அதிகமில்லை.

முதலில் டீசல் குழாயில் காற்றில்லாமல் செய்து, பம்ப்பைக் கையால் அடித்தேன். ஐயா காதைக் கிட்டே வைத்து, “இன்னும், இன்னும்” என்றார். எட்டாவது அடியில் நாசிலுக்குள் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், தவளை கத்துவது போல. “அதுதான். இனி கிளம்பும்” என்றார். நாசில் பீய்ச்சும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்க நினைத்த மைத்துனனை அவர் கையோடு இழுத்துவிட்டார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறிய கைச்சக்கரத்தைத் திருகி உள்ளே ஓர் அறையை அடைத்தோம். அடைத்தால் அழுத்தம் கூடும். கிளம்புவதற்கு அது வேண்டும். சுமை ஏறியபின் திறந்துவிட வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்கச் சொன்னார் ஐயா, சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியும். எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடித்தபடி ஐயா நிற்க, நான் சுற்றினேன். கனமாகத் தொடங்கி, பத்துச் சுற்றில் சக்கரங்கள் தாமே இழுக்க ஆரம்பித்தன. “விடுகிறேன்” என்றார். வால்வு மூடியது. தும். இடைவெளி. தும். இடைவெளி. ஹேண்டிலை உருவிக்கொண்டு பின்வாங்கினேன். தும் தும் தும் என்று பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் தாத்தா வாயால் செய்து காட்டியது அதேதான். இரண்டு அடிக்கு நடுவே அவர் விடும் மூச்சு உட்பட.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகைக்குழாயைக் காட்டி, “அப்பச்சி காலத்தில் இப்படிக் கறுப்பாகப் புகை வராது, வாத்தியார். வெயிலில் நின்று பார்த்தால்தான் தெரியும்” என்றார். ஐயா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாசில் சொட்டுகிறது, அல்லது டீசல் பாயும் நேரம் தள்ளியிருக்கிறது. நாசிலைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை கிடைக்கும். வரும் ஞாயிறு ஐயா வருகிறார், ஆச்சியும் வருகிறார்.

பழைய சக்கரம் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. விரிசலின் மேல் சாக்பீஸ் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். புதுவயல்காரர் கேட்ட ஆலையின் பெயரை வீட்டில் விசாரித்து எழுதுகிறேன்.